முதல் வெடியில் விழுகிறவர்கள்

அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கோபம் வந்து, கொஞ்சம் மூச்சு வாங்கி, அதற்குப் பிறகுதான் புல்வெளியும் பீரங்கியும் மற்றதும் ஒழுங்காக ஞாபகத்துக்கு வரும். எதையும் ஆறப்போட்டு நிதானமாக எழுத வேண்டும் என்று சொல்கிறார்கள். நான் நிதானமாக எழுதினால் அது நான் எழுதியதாக இருக்காது.

இவர், அதாவது என் கணவர், ஜேர்மனியில் ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே இவருடைய பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் மைஸ்ரர் என்பார்கள். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இவருக்கு விசா இல்லாமல், எப்போது பிடித்து அனுப்புவார்களோ என்று ஒவ்வொரு மாதமும் குடிவரவுக் கந்தோர் வாசலில் நின்ற காலத்தில், இவன் நல்ல வேலைக்காரன் என்று கடிதம் எழுதிக் கொடுத்தவர். அந்த நன்றிக்காக மைஸ்ரர் சொன்னால் இவர் கிணற்றிலும் குதிப்பார். கிணற்றில் குதித்திருந்தால்கூட நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். மைஸ்ரர் கூப்பிட்டது சண்டைக்கு.

ஜேர்மன்காரருக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம் வேண்டும். முயல் வளர்க்க ஒரு சங்கம், சேர்ந்து பாட ஒரு சங்கம், பழைய றெயில் என்ஜினைத் துடைக்க ஒரு சங்கம். இரண்டு பேர் ஒரே பஸ் தரிப்பில் ஒரு கிழமை நின்றால் அடுத்த கிழமை தலைவர் யார், பொருளாளர் யார் என்று வாக்கெடுத்துவிடுவார்கள். மைஸ்ரருடைய சங்கம் பழைய சண்டையைத் திரும்பப் போடுகிற சங்கம். இருநூறு வருடத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர் வந்து சண்டை பிடித்த ஒரு மலையூர் இருக்கிறது. கோடை வந்தால் அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்துத் துவக்கைத் தூக்கிக்கொண்டு, அதே வெளியில் போய் நின்று ஆளை ஆள் சுடுவார்கள். சனம் ரிக்கற் வாங்கிப் பார்க்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ‘குடும்ப நாள்’ என்று போட்டிருந்தது. பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரியும் உண்டாம்.

சண்டையும் குடும்பமும் ஒன்றாகப் போவதென்றால் எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். பாயையும் கேத்திலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சண்டை எந்தப் பக்கமோ அதற்கு மறுபக்கம் போவோம்.

இவர் அதை வீட்டில் சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“மைஸ்ரர் கேக்கிறார். இந்தமுறை ஆள் காணாதாம். வந்து நிண்டு குடுக்கட்டாம்.”

“எங்கை நிக்கிறது?”

“சண்டையிலை.”

“சண்டைக்குப் பயந்து வந்தனான் எண்டு இஞ்சத்தை அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தனீங்கள். மறந்து போச்சோ?”

“இது சும்மா வெத்து வெடியப்பா. குண்டு இல்லை. புகைதான் வரும்.”

“உங்கட நிறத்துக்கு அவை உங்களை எந்தப் பக்கத்திலை விடப்போகினம்?”

இவர் கொஞ்சம் சிரித்தார். “மைஸ்ரர் சொல்லுறார், தூரத்திலை நிண்டு பாத்தால் எல்லாரும் ஒரே நிறம்தானாம்.”

அந்த வசனத்தை நான் இன்றைக்கும் யாருக்காவது சொல்லிச் சொல்லித் திட்டுவதுண்டு. கிட்டப் போயும் பார்க்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று விளங்க வேண்டுமென்றால் இவருடைய தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரோடு சனம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அன்று மாமியும் தம்பியும் மழைக்குள் நடந்து போயிருக்கிறார்கள். நாங்கள் அப்போது இங்கே. பாதி வழியில் தம்பிக்கு மாட்டை அவிழ்த்து விடாமல் வந்தது ஞாபகம் வந்திருக்கிறது. “நீங்கள் நடவுங்கோ அம்மா, நான் பின்னாலை வாறன்” என்று சொல்லித் திரும்பிப் போனவன் வரவில்லை. பின்னால் வந்த அயலவர் ஒருவர், ஷெல் விழுந்த வெளிக்குள் நீலச் சட்டை போட்ட ஒரு பெடியன் கிடந்ததைக் கண்டதாகச் சொன்னார். நின்று பார்க்க அவருக்கு ஏலவில்லை. மாமி அந்த மனிசனோடு கதைப்பதையே விட்டார். “நீலச் சட்டை ஊரிலை ஆரிட்டை இல்லை?” என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சு இல்லை.

உடம்பைக் காணாதபடியால் செத்தவீடு இல்லை. அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. எங்கள் வீட்டு அலுமாரியில் தம்பியின் படம் இருந்தது. மாலை போடக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது, விளக்கு வைக்கவே கூடாது. வீடு மாறும்போதெல்லாம் இவர் அவனுக்கென்று ஒரு மெத்தையைக் கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்தார். சண்டை நிறுத்தம் வந்து மாமி ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கார்ட் வாங்கி ரெலிபோன் எடுப்போம். எடுத்தவுடனே மாமி கேட்பது ஒரே கேள்வி. “தம்பி எடுத்தவனே?” எங்கேயாவது வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான், அண்ணனுக்குத்தான் முதலில் ரெலிபோன் எடுப்பான் என்பது அவருடைய கணக்கு. இவரும் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார், “இன்னும் இல்லையம்மா. எடுப்பான்.”

அந்த ‘எடுப்பான்’ எனக்குப் பிடிக்காது. செத்தவனைச் செத்தவன் என்று சொல்லி ஒருநாள் வாய்விட்டு அழ விடாத வீட்டில் நான் எட்டு ஒன்பது வருடம் சமைத்தேன். ஒருமுறை நான் துணிந்து, “ஒரு விளக்கெண்டாலும் வைப்பமே” என்று கேட்டதற்கு இவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிசன் சண்டைக்குப் போகிறேன் என்கிறார்.

நான் ஒரே ஒரு வாக்குக் கேட்டேன். எங்கள் வீடுகளில் செத்தவர் மாதிரிப் படுத்து விளையாடக் கூடாது. சின்னனில் நான் ஒருநாள் காலை நீட்டி, இரண்டு பெருவிரலையும் சேர்த்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்ததற்கு அம்மா ஈர்க்குச்சியால் வெளுத்த இடம் இன்றைக்கும் ஞாபகம். அதிலும் கழுத்தில் தாலியோடு நான் நின்று பார்க்க இவர் செத்து விழுவதா? “போறதெண்டால் போங்கோ. ஆனால் சாகிற வேசம் வேண்டாம்” என்றேன்.

“சரி” என்றார் இவர்.

‘சரி’ என்று சொன்னாரே தவிர, எதற்குச் சரி என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பிறகு எல்லாச் சனிக்கிழமையும் பயிற்சி. நடை, திரும்பல், துவக்கைத் தோளுக்குத் தூக்கல். ஒருநாள் சங்கத்து உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல தடித்த கம்பளிக் கோட்டு, செம்புப் பொத்தான். கடும் நீலம். நான் அதைக் கதிரையில் போட்டுவிட்டு எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. பத்து வயது மகள் மட்டும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள்.

அன்றைக்கு விடிய எழும்பி நான் மீன் றோல்ஸும் கட்லட்டும் பொரித்தேன். ஒரு இடத்துக்குக் கூப்பிட்டால் வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. கோபம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். சண்டை பிடிக்கிறவர்களுக்கும் பசிக்கும்தானே என்று இரண்டு பெரிய தட்டு நிறைய அடுக்கி, வெள்ளித்தாளால் மூடி, காரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

மலைமேலே வெளி. அங்கங்கே முள்பற்றை, மற்றபடி குட்டைப் புல். ஒரு பக்கம் வெள்ளைக் கூடாரங்கள், வைக்கோல், விறகடுப்பு. மறுபக்கம் சொசேஜ் கடை, பியர்க் கூடாரம், பிள்ளைகளின் முகத்தில் வர்ணத்தால் புலி கீறுகிற மேசை. இடையில் ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனால் இருநூறு வருடத்துக்கு முந்தின காலமாம். போகிற வழியில் ஒரு மனிசி நின்று ஒவ்வொருவரையும் சோதித்தாள். அவளுக்கு அதுதான் வேலை. அந்தக் காலத்தில் இல்லாத ஒன்றும் கயிற்றைத் தாண்டக் கூடாது. இவருடைய மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னாள். கைத்தொலைபேசியை எடுக்கச் சொன்னாள். கடைசியாக மூக்குக் கண்ணாடியைக் கேட்டாள். அதன் பிறேம் இந்தக் காலத்ததாம், பிளாஸ்டிக்காம்.

“கண்ணாடி இல்லாட்டில் இவருக்கு அரைவாசி தெரியாது” என்றேன்.

“அந்தக் காலத்தில் பலருக்குத் தெரியாமல்தான் இருந்தது” என்றாள் அவள். கதைக்க ஆள் கெட்டிக்காரிதான்.

எனக்கும் மைஸ்ரருடைய மனைவி ஒரு நீளப் பாவாடையும் ஏப்ரனும் வெள்ளைத் தொப்பியும் கொண்டுவந்து போட்டுவிட்டாள். படைக்குப் பின்னால் போய்ச் சமைக்கிற பெண்களில் நான் ஒருத்தி. பாவாடையைக் கட்டியபோது தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடச் சொன்னாள். விட்டேன். இவருடைய கண்ணாடியையும் மணிக்கூட்டையும் ஏப்ரன் பொக்கற்றுக்குள் போட்டேன். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சோதிக்கிறவள் மறித்தாள்.

வெள்ளித்தாள் அந்தக் காலத்தில் இல்லையாம். சரி, எடுத்தேன். உள்ளே இருப்பது என்ன என்று கேட்டாள். சொன்னேன். உருளைக்கிழங்கு அப்போது இருந்தது, அது பரவாயில்லை, ஆனால் இந்த மாதிரிச் சாப்பாடு இந்தப் பிரதேசத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றாள். நானும் எத்தனையோ கந்தோரில் எத்தனையோ ஆதாரம் காட்டினவள். பிறப்புக்கு, கலியாணத்துக்கு, அடிபட்டதற்கு, பயந்ததற்கு எல்லாம் காட்டினேன். ஒரு கட்லட்டுக்கு ஆதாரம் கேட்ட இடம் அது ஒன்றுதான். மைஸ்ரருடைய மனைவி தட்டை வாங்கிக் கூடாரத்துக்குள் வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மத்தியானத்துக்குள் பிரெஞ்சுப் படையும் எங்கள் படையும் ஒன்றின் பின் ஒன்றாகக் குனிந்து வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு போயின. சோதிக்கிறவளும் வந்து இரண்டு எடுத்தாள்.

மைஸ்ரர் தன் பங்குக்கு வந்தார். தலையில் இறகு, இடுப்பில் வாள். அவர் அங்கே கப்டன். றோல்ஸைக் கடித்துக்கொண்டு, இவரைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை சொல்லத் தொடங்கினார்.

“உங்கள் கணவரைப் போல ஆள் கிடைப்பது கஷ்டம். முதல் வெடியிலேயே விழுவதற்கு ஒருவரும் சம்மதிப்பதில்லை.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கறுப்பு வெடிமருந்துத் தூள் போட்டுச் சுடுவதற்கு ஒரு பத்திரம் வேண்டும். பரீட்சை எழுதி, அரசாங்கம் ஆளை ஆராய்ந்து கொடுக்கிற பத்திரம். அது இருக்கிறவர்கள் சுடுவார்கள். இல்லாதவர்கள் சும்மா துவக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். சுடாமல் நெடுநேரம் நின்றால் பார்க்கிற சனத்துக்குத் தெரிந்துவிடும். ஆகவே பத்திரம் இல்லாதவர்கள் முதலில் சாவார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கையில் இருந்த தட்டால் அவரை அடிக்கலாம் போலவும் வந்தது. பத்திரம் இல்லாதவன் முதலில் சாகிறதை இருநூறு வருடத்துக்கு முன்னால் போய்த்தானா பார்க்க வேண்டும்?

“நான் அவருக்கு மேளம் அடிக்கிற வேலை தருகிறேன் என்றேன்” என்றார் மைஸ்ரர். “மேளக்காரன் கடைசிவரை நிற்பான். அவர்தான் வேண்டாம் என்றார். விழுகிற இடம் தனக்குத் தாருங்கள் என்று அவரே கேட்டார். நல்ல தோழன்.”

அவரே கேட்டார்.

நான் கூடாரத்தை விட்டு வெளியே ஓடினேன். இவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும், அந்த நீலக் கோட்டைக் கழற்றி எறிய வேண்டும், மகளையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் மேளம் அடித்துவிட்டார்கள். ஆட்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். சமைக்கிற பெண்கள் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். வரிசையில் எல்லோரும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி. மைஸ்ரர் சொன்னது சரிதான். தூரத்தில் நின்று பார்த்தால் யார் இவர் என்று எனக்கே தெரியவில்லை.

பீரங்கி வெடித்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊர்ப் பழக்கத்தில் உடம்பு தானாகக் குந்தப் பார்த்தது, ஆனாலும் நான் குந்தவில்லை. குந்தினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்ற கோபத்திலேயே நின்றேன். ஒலிபெருக்கியில் ஒருவர் கிரிக்கெற் மட்ச்சுக்குச் சொல்கிறமாதிரி எந்தப் படை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எதிர்வரிசை துவக்கை உயர்த்தியது. புகை எழும்பியது. புகை கலைந்தபோது முன்வரிசையில் ஏழெட்டுப் பேர் விழுந்து கிடந்தார்கள்.

ஒருவர் கையைக் காலை எறிந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, கத்திக்கொண்டு செத்தார். வயிறு பெரிய ஒருவர் முழங்கால் வருத்தமோ என்னவோ, முதலில் குந்தி, பிறகு கையை ஊன்றி, முள் இல்லாத இடம் பார்த்துச் சாய்ந்து செத்தார். சனம் சிரித்தது. இவர் விழுந்தது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்காது. கால் தடக்கினவர் மாதிரி, ஒரு சத்தமும் போடாமல் விழுந்தார். அந்த விழுகையில்தான் இவரை நான் கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு அந்தச் சண்டையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய் என்ன என்ன கேட்பது என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டேன். பொக்கற்றுக்குள் கண்ணாடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ, கையில் அச்சு விழுந்திருந்தது.

கடைசியில் ஒரு ஊதல் கேட்டது. ஒலிபெருக்கிக்காரர் குரலை மாற்றிச் சொன்னார்: “செத்த வீரர்கள் எல்லோரும் எழும்பலாம். பியர்க் கூடாரம் திறந்திருக்கிறது.”

சனம் கைதட்டியது. செத்தவர்கள் எழும்பினார்கள். புல்லைத் தட்டினார்கள், தொப்பியைத் தேடி எடுத்தார்கள். கொன்றவன் கை கொடுத்துச் செத்தவனைத் தூக்கிவிட்டான். எல்லோரும் சனத்துக்குக் கையசைத்துக்கொண்டு நடந்தார்கள். எவ்வளவு லேசாக எழும்புகிறார்கள்.

இவர் எழும்பவில்லை.

“அம்மா, அப்பா ஏன் எழும்பேல்லை?” என்று மகள் கேட்டாள்.

இவருக்குப் பிரஷர் இருக்கிறது. காலையில் குளிசை போட்டாரா என்று நான் கேட்கவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். செம்மஞ்சள் உடுப்புப் போட்ட தீயணைப்புக்காரன் ஒருவன், நிலத்தில் வெடிமருந்துத் தூள் கிடக்கிறது, போகக்கூடாது என்று கத்தினான். நான் அவனுக்குத் தமிழில் சொன்னதை இங்கே எழுத ஏலாது. பாவாடை காலில் சிக்கியது. தொப்பி பறந்து போனது. தாலிக்கொடி சட்டைக்கு வெளியே வந்து ஆடியது.

இவர் மல்லாக்கக் கிடந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. அதைக் கண்டவுடன் பயம் போய்த் திரும்பவும் கோபம் வந்தது.

“இஞ்சாருங்கோ. எழும்புங்கோ. முடிஞ்சுது.”

அசையவில்லை.

“நெஞ்சு நோகுதோ?”

“இல்லை.”

“அப்ப எழும்புங்கோ. சனம் எல்லாம் பாக்குது.”

“ஊதினவுடனை எல்லாரும் எழும்பீட்டினம், என்ன?” என்றார் இவர். என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டே கதைத்தார். “அவனைக் கண்டனான் எண்டு சொன்ன மனிசன், முகம் மேலையோ கீழையோ எண்டு சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. ஒருக்கா ரெலிபோனிலை அந்தாள் வந்தது. கேட்டிருக்கலாம். கேக்கேல்லை.”

நான் பக்கத்தில் புல்லில் குந்தினேன்.

“மேலை பாத்துக் கிடந்தால் வானம் தெரிஞ்சிருக்கும்” என்றார். “எனக்குக் கண்ணாடி இல்லாமல் ஒண்டும் தெரியேல்லை. வெள்ளையாக் கிடக்கு. அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அவனுக்குக் கண் நல்லமெல்லோ.”

அவ்வளவு வருடத்தில் இவர் தம்பியைச் செத்துப்போன ஒருவனாக வைத்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு இவரில் கோபம், மாமியில் கோபம், மாட்டில் கோபம், அந்த ஊதலை ஊதினவனில் கோபம். ஆனால் அவ்வளவையும் திரட்டி நான் சொன்னது கொஞ்சம்தான்.

“அவன் எழும்ப மாட்டான். நீங்கள் எழும்புங்கோ.”

சொல்லிவிட்டுப் பயந்துபோய் இருந்தேன். இவர் கத்துவார் என்று நினைத்தேன். இவர் கையை மட்டும் நீட்டினார். நான் பொக்கற்றிலிருந்து கண்ணாடியை எடுத்து ஏப்ரனில் துடைத்து இவருக்குப் போட்டுவிட்டேன். கண்ணாடிக்குள்ளால் கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. கையைப் பிடித்துத் தூக்கினேன். பாரமான மனிசன். இவரைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சனம் கைதட்டியது. ஒலிபெருக்கிக்காரர், போர்க்களத்தில் தன் கணவனைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு சிப்பாயின் மனைவி, எவ்வளவு அற்புதமான காட்சி என்று சொன்னார். எழும்பி நின்று தட்டினார்கள். நான் திரும்பி, என் முழுக் குரலில், ஜேர்மனில், நிப்பாட்டுங்கள் என்று கத்தினேன். அதுவும் நடிப்பென்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நான் இன்றைக்கும் மன்னிப்புக் கொடுக்கவில்லை. அவர்கள் நல்லவர்கள், தெரியாமல் செய்தார்கள் என்று மகள் இப்போது வளர்ந்து வந்து எனக்குச் சொல்லித் தருகிறாள். தெரியாமல் செய்தால் சத்தம் குறையுமா?

காரடிக்கு மைஸ்ரர் வந்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்து, அடுத்த வருடமும் இந்தக் காட்சியைக் கட்டாயம் வைக்க வேண்டும் என்றார்.

“அடுத்த வருடம் நீங்கள் விழுங்கள்” என்றேன். “உங்கள் மனைவி வந்து தேடட்டும்.”

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிற்பாட்டினார். பிறகு இவரைப் பார்த்தார். இவர் நீலக் கோட்டைக் கழற்றி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, நாலாக மடித்து அவருடைய கையில் கொடுத்தார். திங்கட்கிழமை வழமைபோல வேலைக்குப் போனார். சங்கத்துக்குப் பிறகு போகவில்லை.

திரும்பி வரும்போது பின்சீற்றில் இருந்து மகள் கேட்டாள்.

“அப்பா, ஆர் வெண்டது?”

“தெரியாது குஞ்சு. நான் இடையிலை செத்திட்டன்.”

அதைச் சொல்லக்கூடாது என்று நான் ஏசவில்லை. ஏசுவதற்கு அன்றைக்கு என்னிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

அடுத்தநாள் ஞாயிறு. கார்ட்டைச் சுரண்டி, நம்பரை அடித்து, வழமைபோல எல்லோருக்கும் கேட்கிறமாதிரி ரெலிபோனை மேசையில் வைத்தோம். மாமி வந்தார். சுகம் கேட்க முதலே அந்தக் கேள்வி வந்தது.

“தம்பி எடுத்தவனே?”

“இல்லையம்மா” என்றார் இவர்.

அடுத்த சொல்லுக்காக நான் நின்றேன். அங்கே மாமியும் நின்றிருப்பார். இவர் ‘எடுப்பான்’ என்று சொல்லவில்லை. மேசையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரெலிபோனைப் பார்த்தபடி இருந்தார். கம்பிக்குள்ளே எங்கள் ஊர்க் காகம் ஒன்று கத்துவது கேட்டது. நான் மாமியோடு சண்டைக்குத் தயாராக நின்றேன். என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டியளோ என்று அவர் கத்துவார், நானும் கத்துவேன், எட்டு ஒன்பது வருடத்துக்கும் சேர்த்துக் கத்துவேன் என்று நின்றேன்.

மாமி கத்தவில்லை. அடுப்படிக் கதை கதைக்கிற குரலில் சொன்னார்.

“அந்த நீலச் சட்டை தீவாளிக்கு நான் தைப்பிச்சுக் குடுத்தது.”

கார்ட் முடியும்வரைக்கும் இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கதைக்கவில்லை.